இடது கண்ணா என்று கேட்டார்

போன நவம்பர் மாதம் முழுக்க எங்கள் ஊர் வானொலியில் ஒரே கேள்விதான் ஓடியது. ராய்ஸ் ஹேகுட்டை வைத்துக்கொள்வதா, கழற்றிவிடுவதா? அந்த ராய்ஸ் ஹேகுட் நான்தான். லூயிவில் ஹெரன்ஸ் அணிக்காக நாலு வருடமாக பேஸ்பால் ஆடுகிறேன். ஆடுகிறேன் என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். மட்டையைச் சுழற்றுவேன். பட்டால் ஹோம் ரன், பந்து மைதானத்தைத் தாண்டி ஆற்றங்கரைப் பக்கம் போய் விழும், படாவிட்டால் காற்றுதான் வரும். இரண்டுக்கும் நடுவில் ஒன்றும் எனக்கு வராது.

"அவன் சுத்தற சுத்துக்கு ஸ்டேடியத்துல ஃபேனே வேண்டாங்க" என்றார் ஒருவர் தொலைபேசியில்.

"ஆனா பட்டுச்சுன்னா? அந்த மாதிரி எவன் அடிக்கறான் சொல்லுங்க பாப்போம்" என்றார் இன்னொருவர்.

"பட்டாத்தானே!"

என் மனைவி கெயில் காரின் வானொலியை அணைத்துவிட்டு, "எதுக்கு இதைக் கேட்டுத் தொலைக்கறே?" என்றாள். நான் அடுத்த சிக்னலில் மறுபடி போட்டேன். திட்டுகிறவர்கள் என் பெயரைச் சொல்லித் திட்டுவதில்கூட ஒரு சுகம் இருக்கிறது.

கேள்வி ஒன்றும் முட்டாள்தனமானதல்ல. என் அளவு அனுபவம் உள்ளவனை ஒவ்வொரு குளிர்காலத்திலும் கிளப் சும்மா விட்டுவிடலாம், அல்லது வைத்துக்கொள்ளலாம். வைத்துக்கொண்டால் விலை ஏறும். சம்பளத்தில் ஒத்துப்போகவில்லை என்றால் பிப்ரவரியில் மத்தியஸ்தம். கிளப் ஒரு தொகை எழுதும், ஆட்டக்காரன் ஒரு தொகை எழுதுவான். மூன்று நடுவர்கள் இரண்டு பக்கத்தையும் கேட்டுவிட்டு ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். நடுவில் பிரித்துக் கொடுக்கும் வேலையெல்லாம் கிடையாது. எங்கள் அணியில் இன்னொரு சிக்கலும் இருந்தது. என்னைப் போலவே இன்னொருவனும் இருந்தான். எங்களில் ஒருவன் முதல் பேஸில் நின்று பந்து பிடிப்பான், மற்றவன் அடிப்பதற்கு மட்டும் வருவான். ஒரே வேலைக்கு இரண்டு தடியன்கள் எதற்கு என்றுதான் ஊரே கேட்டது.

அந்த இன்னொருவன் யூசெபியோ டவாரெஸ். எல்லோருக்கும் செபியோ. டொமினிகன் குடியரசுக்காரன். கீழ்மட்ட லீக்கில் இருந்தபோது நானும் அவனும் ஒரே அறையில், ஒரே அடுப்பில், ஒரே சட்டியில் காலம் தள்ளியவர்கள். என் திருமணத்தில் மாப்பிள்ளைத் தோழன் அவன். அவன் மகளுக்கு ஞானத்தந்தை நான். எனக்கு அவன் வைத்த பெயர் எருமை. வேறு யாராவது அப்படிக் கூப்பிட்டிருந்தால் பல் இருந்திருக்காது.

நவம்பர் கடைசியில் கிளப் இருவரையும் வைத்துக்கொண்டது. துணைப் பொது மேலாளர் பிரெஸ்டன் விக்ஸ் அவரே போன் செய்தார். "உன்னை விடுவோமாப்பா? நீ இல்லாம ஹெரன்ஸ் ஏது?" என்றார். கெயில் அழுதுவிட்டாள். பையனைப் பள்ளிக்கூடம் மாற்ற வேண்டாம் என்ற நிம்மதி அவளுக்கு.

ஜனவரியில் செபியோ சண்டை எதுவும் போடாமல் நாலு மில்லியனுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டான். எனக்குக் கோபமாக வந்தது. "ஏண்டா, அஞ்சாவது கேட்டிருக்கலாமே?" என்றேன்.

"கேட்டா உள்ள கூப்புடுவாங்க. உள்ள போனா நோண்டுவாங்க" என்றான். "என்னை நோண்டக் கூடாது. உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியும். இரண்டு வருடம் முன்பு கோடையில் ஒரு பந்து அவன் இடது கன்னத்து எலும்பை உடைத்தது. எலும்பு சேர்ந்துவிட்டது. கண் சேரவில்லை. அதை அவன் மனைவியைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. ஒரு நாள் மேலே எழும்பிய சாதாரணப் பந்து ஒன்று அவன் கைக்கு எட்டும் தூரத்தில் விழுந்தது, அவன் அசையவே இல்லை. ஆட்டம் முடிந்து கார் நிறுத்துமிடத்தில் நான் கேலி செய்தபோதுதான் சொன்னான். இடது பக்கம் புகை பிடித்த கண்ணாடி மாதிரி இருக்கிறதாம். "கெயிலுக்குக்கூடத் தெரியக் கூடாதுடா" என்றான். நான் சொல்லவில்லை. வலது கை ஆட்டக்காரனுக்குப் பந்து வீசுபவன் பக்கம் இருப்பது இடது கண்தான். அவன் நிற்கிற விதத்தையே மாற்றி, தலையை முழுக்கத் திருப்பி, கழுத்து வலிக்க வலிக்கப் பழகிக்கொண்டான். போன வருடம் நானும் முப்பத்தோரு ஹோம் ரன், அவனும் முப்பத்தோரு ஹோம் ரன். எனக்கு இரண்டு கண், அவனுக்கு ஒன்றரை. இந்தக் கணக்கு எனக்கு அப்போது தோன்றவில்லை.

செபியோ நாலுக்கு ஒத்துக்கொண்டதும் கிளப் எனக்கும் நாலு என்றது. என் ஏஜென்ட் ஜூடித் கெல்னர் ஆறு என்று எழுதினாள். அப்படித்தான் பிப்ரவரியில் ஃப்ளோரிடாவின் டாம்பா நகரத்தில் ஒரு ஹோட்டல் அறைக்குப் போய்ச் சேர்ந்தோம்.

"நீங்க உள்ள வரணும்னு கட்டாயமில்ல, ராய்ஸ்" என்றாள் ஜூடித். "என் ஆளுங்க சிலரை நானே வெளியே உக்கார வெச்சுடுவேன். உள்ள பேசற பேச்சு நல்லா இருக்காது."

"வானொலியில கேக்காததா?" என்றேன்.

"வானொலியில பேசறவங்க உங்களுக்குச் சம்பளம் குடுக்கறதில்ல" என்றாள்.

கேட்டேனா? கழுத்தை நெரிக்கிற கோட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். எதிர் மேஜையில் விக்ஸும் கிளப்பின் வக்கீலும். அறையின் தலைப்பக்கத்தில் மூன்று நடுவர்கள். முதலில் ஜூடித் பேசினாள். என்னைப் பெற்றவள்கூட என்னை அப்படிப் புகழ்ந்ததில்லை. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

பிறகு விக்ஸ் எழுந்தார். நவம்பரில் போனில் கேட்ட அதே குரல், அதே கனிவு.

இவரைக் களத்தில் நிறுத்துவது எங்களுக்கு ஒரு கவலை என்றார். இவர் அடிக்கும் ஹோம் ரன்களில் பெரும்பகுதி, ஆட்டம் ஏற்கனவே முடிவான பிறகு வருபவை என்றார். இறுக்கமான நேரத்தில் எதிரணியில் பந்து வீசுபவர்கள் இவர் வருவதை விரும்புகிறார்கள் என்றார். திரையில் ஒவ்வொன்றுக்கும் படம் வந்தது. இவருடைய உடல்வாகு கொண்டவர்கள் முப்பது வயதுக்குமேல் எப்படி ஆகிறார்கள் என்று ஒரு கோடு காட்டினார். கோடு கீழே போனது. ரசிகர்கள் இவரை விரும்புகிறார்கள் என்று எதிர்த்தரப்பு சொல்வது உண்மைதான், இவர் தவறவிடும்போதும் அவர்கள் மகிழ்கிறார்கள் என்றார். நடுவர்களில் ஒரு அம்மாள் இருமினாள். அது இருமல் இல்லை என்று எனக்குத் தெரியும்.

காது இரண்டும் கொதித்தன. கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஆறடி நாலங்குல உடம்பை ஒரு நாற்காலிக்குள் ஒளித்து வைக்க முயன்றிருக்கிறீர்களா? ஊர் முழுக்கத் திட்டியபோது வராத அவமானம், ஒரு மனிதர் மரியாதையாகப் பேசியபோது வந்தது. அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை என்பதுதான் காரணம்.

கடைசியாகத் திரையில் இரண்டு பெயர்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. ஹேகுட், டவாரெஸ். "அதே வருடங்கள், அதே ஹோம் ரன்கள். டவாரெஸ் பந்தைத் தவறவிடுவது இவரைவிடக் குறைவு. அவர் நாலு மில்லியனுக்கு மகிழ்ச்சியோடு கையெழுத்திட்டார். இவர் அவரைவிட எந்த விதத்தில் உயர்ந்தவர் என்று கிளப்புக்குப் புரியவில்லை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

இடைவேளை விட்டார்கள். அதன் பிறகு இரு பக்கமும் மறுப்புச் சொல்லலாம். நான் தாழ்வாரத்துக்கு வந்து தண்ணீர் பிடித்தேன். பாதியைக் கால்சட்டையில் கொட்டிக்கொண்டேன். ஜூடித் பக்கத்தில் வந்து நின்றாள்.

"டவாரெஸ்தான் அவங்க பிடி" என்றாள். "அதை மட்டும் தளர்த்திட்டா போதும்."

"அவனும் நானும் ஒண்ணா?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. "அவனுக்கு எடது கண்ணே தெரியாது! ஒத்தக் கண்ணனும் நானும் ஒண்ணுங்கறானா அந்தாளு?"

ஜூடித் என்னைப் பார்த்தாள். "நெஜமாவா?"

நான் தண்ணீரைக் குடித்தேன்.

"ராய்ஸ், இது கிளப்புக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"இதைச் சொல்லட்டுமா? வேண்டாம்னா வேண்டாம். நீங்க சொல்றதுதான்."

அவள் கேட்டாள். அதை நான் மறைக்க மாட்டேன். இரண்டு முறை கேட்டாள். வேண்டாம் என்று சொல்ல ஒரு நொடி போதும். நான் தோளைக் குலுக்கினேன். பிறகு கோட்டைச் சரிசெய்துகொண்டு அவளுக்கு முன்னால் உள்ளே நடந்தேன்.

அவள் நாசூக்காகத்தான் சொன்னாள். டவாரெஸ் மதிப்புக்குரிய ஆட்டக்காரர், ஆனால் முகத்தில் அடிபட்ட பிறகு அவருடைய இடது கண் பார்வை முழுதாகத் திரும்பவில்லை, ஆரோக்கியமான ஒருவரை அவரோடு ஒப்பிடுவது சரியில்லை என்றாள். கிளப் வக்கீல் துள்ளி எழுந்தார். மருத்துவச் சான்று ஏதாவது உண்டா என்றார். இல்லை. தலைமை நடுவர், "ஆதாரமில்லாத பேச்சு, இதை நாங்கள் கணக்கில் எடுக்கப் போவதில்லை" என்றார். அவ்வளவுதான். எதற்கும் உதவாத ஒன்றை நான் விற்றிருந்தேன்.

ஆனால் கணக்கில் எடுக்க வேண்டியவர்கள் எதிர் மேஜையில் இருந்தார்கள். அதுவரை பேனாவை உருட்டிக்கொண்டிருந்த விக்ஸ் உருட்டுவதை நிறுத்திவிட்டார். செபியோவுக்குச் சம்பளம் கொடுக்கிற ஆள் அவர். எனக்கு அது அப்போதுதான் உறைத்தது. கேட்டால் நம்புவீர்களா? என் வழக்கு, என் அவமானம் என்று அதிலேயே முங்கிக் கிடந்தவனுக்கு, அந்த அறையில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதே மறந்துபோயிருந்தது.

முடிந்ததும் கை குலுக்குவது வழக்கம். அத்தனை பேசிய பிறகும் எழுந்து நின்று கை குலுக்கி, மனசுல வெச்சுக்காதே என்று சொல்லிக்கொள்வார்கள். விக்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாம் தொழில்தாம்ப்பா, மனசுல வெச்சுக்காதே" என்றார். விடவில்லை. இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வந்து, குழந்தையின் காய்ச்சலை விசாரிப்பதுபோல, "இடது கண்ணா?" என்று கேட்டார்.

"ஆமா சார்" என்றேன்.

யோசிக்கவே இல்லை. சின்ன வயதிலிருந்து, கோச் கேட்டால் உடனே பதில் சொல்லிப் பழகிய வாய்.

மறுநாள் தீர்ப்பு வந்தது. நான் ஜெயித்தேன். ஆறு மில்லியன். ஏன் என்று நடுவர்கள் சொல்வதில்லை. ஜூடித் போனில் கத்தினாள், கெயில் வீட்டில் கத்தினாள். நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தேன்.

பயிற்சி முகாம் அதே ஃப்ளோரிடாவில். உடை மாற்றும் அறையில் செபியோவின் லாக்கரும் என் லாக்கரும் அடுத்தடுத்து. நான் உள்ளே நுழைந்ததும் அவன் ஓடி வந்து என்னை இடுப்போடு தூக்கிவிட்டான். அவனைத் தவிர என்னைத் தூக்க ஆள் கிடையாது.

"டேய் எருமை! ஆறு மில்லியன் எருமை! இனிமே உனக்குத் தங்கத்துல தொட்டி கட்டணும்டா!"

அவன் மனைவி யோகாஸ்தா, மசித்த வாழைக்காயும் பொரித்த பாலாடைக்கட்டியும் ஒரு பெட்டி நிறையக் கொடுத்தனுப்பியிருந்தாள். எனக்குப் பிடிக்கும் என்று. தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

"என் பேரை இழுத்தாங்களாமே?" என்றான்.

 நான் வாழைக்காயைக் கிளறினேன். "ஆமா. நீ நாலுக்கு ஒத்துக்கிட்டேன்னு சொன்னாங்க."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "மன்னிச்சுக்கடா. நான் பயந்துக்கிட்டுக் குறைச்சலுக்குக் கையெழுத்துப் போட்டேன், அதை வெச்சு உன்னை அடிச்சிருக்கானுங்க. ராத்திரி யோகாஸ்தாகிட்டச் சொல்லிப் பொலம்பினேன். என்னாலதான் உனக்கு இந்தச் சங்கடமெல்லாம்."

"பரவால்ல விடு" என்றேன்.

அவனை நான் மன்னித்தேன்! என் வாழ்க்கையில் நான் செய்த காரியங்களிலேயே எது கேவலம் என்று கேட்டால், தாழ்வாரத்தில் தோளைக் குலுக்கியதைச் சொல்ல மாட்டேன். விக்ஸிடம் ஆமா சார் என்றதையும் சொல்ல மாட்டேன். இதைத்தான் சொல்வேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஓடிப்போய் மருத்துவர் யாரையாவது பார், கிளப் கூப்பிடுவதற்கு முன் நீயே பேசு என்று ஒரு வார்த்தை எச்சரித்திருக்கலாம். அவன் என் முதுகில் தட்டிவிட்டு என் தட்டில் இன்னும் கொஞ்சம் வைத்தான். நான் சாப்பிட்டேன்.

அந்த வாரமே கண் பரிசோதனைக்குக் கூப்பிட்டார்கள். வருடா வருடம் நடப்பதுதான். சுவரில் எழுத்துப் பலகை இருக்கும், செபியோ அதை மனப்பாடம் செய்து வைத்திருந்தான். இந்த முறை பலகை இல்லை. புதிதாக ஒரு இயந்திரம், வெளியூரிலிருந்து ஒரு மருத்துவர். செபியோ உள்ளே போனவன் வெகுநேரம் வரவில்லை. வந்ததும் என்னைப் பார்த்துச் சிரித்தான். "என்னமோ வெளிச்சம் போட்டு ஆட்டறானுங்கடா" என்றான். கழுத்தில் வேர்த்திருந்தது.

ஒருவனை அனுப்பப் போகிறார்கள் என்றால் எங்கள் அறையில் அது எப்படி நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். காலையில் ஒரு கோச் வந்து அவன் லாக்கர் பக்கம் நின்று, மேனேஜர் கூப்பிடுகிறார் என்பார். சுற்றி இருக்கிற எல்லோருக்கும் திடீரென்று ஷூ கயிற்றில் முடிச்சு விழுந்துவிடும். கோச் எங்கள் பக்கம் வந்தபோது நானும் குனிந்து என் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

செபியோ திரும்பி வந்தபோது கையில் ஒன்றும் இல்லை. பை ஒன்றை எடுத்து லாக்கருக்கு முன் விரித்தான்.

"உன் பாதுகாப்புக்காகத்தான்னு சொல்றாங்க" என்றான். "கண்ணு தெரியாதவனைப் பந்துக்கு முன்னாடி நிக்க வெக்க முடியாதாம். காசு முழுசாக் குடுத்துடறாங்களாம். நல்லவங்கதான்." கையுறையை எடுத்துப் பையில் போட்டான். "இனி எந்தக் கிளப்பும் தொட மாட்டான். கண்ணு தெரியலன்னு ரிப்போர்ட்டுல எழுதிட்டாங்க."

"செபியோ..."

"உள்ள விக்ஸும் இருந்தாரு, நேரா எடது கண்ணுக்குத்தான் வந்தாருடா. மெஷின்ல வெக்கறதுக்கு முன்னாடியே டாக்டர் எடது கண்ணைத்தான் தொறக்கச் சொன்னாரு." அவன் என்னைப் பார்க்காமலே மடித்த பனியனை மறுபடி மடித்தான். "எனக்குத் தெரியும். யோகாஸ்தாவுக்குத் தெரியும். அப்புறம் உனக்கு."

நான் மறுபடி ஷூ கயிற்றைத் தேடினேன். அதுவே போதுமாக இருந்தது. அவன் தலையை முழுக்கத் திருப்பி, பந்து வீசுபவனைப் பார்ப்பதுபோல, நல்ல கண்ணால் என்னைப் பார்த்தான்.

"அந்த ரூம்லயா?"

"ஆமா."

கத்துவான் என்று காத்திருந்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று முகத்தைக்கூடத் தளர்த்தி வைத்திருந்தேன்.

"என்னைக் கூப்பிட்டிருந்தா நானே வந்து சொல்லியிருப்பேனேடா" என்றான். "இவன் என்னைவிட நல்லா ஆடறவன், அதிகம் குடுங்கன்னு. நெஜமாவே அப்படித்தானே நெனச்சுக்கிட்டிருந்தேன்."

எருமை என்று சொல்லவில்லை. பையின் ஜிப்பை இழுத்து மூடி, தோளில் போட்டுக்கொண்டு, வழியில் நின்ற ஒவ்வொருவனிடமும் கை குலுக்கிவிட்டுப் போனான். என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டிப் போனான்.

மதியம் பர்விஸ் தள்ளுவண்டியோடு வந்தார். எங்கள் துணிகளையும் ஷூக்களையும் பார்த்துக்கொள்கிறவர், முப்பது வருடமாக அந்த அறையை நடத்துகிறவர். செபியோவின் பெயர்ப் பலகையைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஈரத்துணியால் லாக்கரை உள்ளே துடைத்தார். பிறகு என் பெயரை இரண்டு லாக்கருக்கும் நடுவில் மாட்டினார்.

"பெரிய ஆளுங்களுக்கு ரெண்டு லாக்கர், தம்பி. மேல இருந்து சொல்லிட்டாங்க" என்றார். "இத்தனை வருஷத்துல மூணு பேருக்குத்தான் நான் மாட்டியிருக்கேன். பெருமைப்படணும்."

அறையில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒன்று போதும் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ரொம்ப நன்றி பர்விஸ் என்றேன். அவர் போனதும், இன்னும் ஈரம் காயாத செபியோவின் லாக்கருக்குள் என் ஷூக்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினேன்.